ஏரிக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி

எனக்கு நீச்சல் தெரியாது. ஆனால் அரசாங்க வரைபடத்தை நம்பினால், கல்யாணமான நாள் முதல் நானும் என் மனைவியும் ஏரித் தண்ணீருக்குள்தான் குடும்பம் நடத்தியிருக்கிறோம். சமைத்தது, சண்டை போட்டது, ஒரே மகளைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்தது எல்லாமே தண்ணீருக்குள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். கொஞ்ச நாள் நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி ஆவடிப் பக்கமாக உள்ளே நடந்தால் எங்கள் ஏரி வரும். பெரிய ஏரி ஒன்றும் இல்லை. அது பாய்ந்த நிலத்தில் என் அப்பா கூலி வேலை செய்தார். நிலமெல்லாம் மனையானதும் பாடியில் ஒரு தொழிற்சாலைக்கு மூட்டை தூக்கப் போனார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினேன். அந்தக் கம்பெனியை மூடிய பிறகு, எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தேன். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே ஒரு சந்துதான். அந்த வகையில் நான் கொடுத்துவைத்தவன் என்று தெருவில் சொல்வார்கள்.

எங்கள் தெரு ஏரிக்கரையை ஒட்டி ஒரே வரிசையாக ஓடும். முன்னால் கரை, கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர். பின்னால் சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி. வரிசையில் யாருக்கும் பட்டா கிடையாது. கரண்ட் உண்டு, ரேஷன் கார்டு உண்டு, ஓட்டு உண்டு, பட்டா மட்டும் இல்லை. மனு கொடுத்துக் கொடுத்து ஒரு தலைமுறை போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் ஏரியை அழகுபடுத்தப் போகிறார்கள் என்று சேதி வந்தது. பருத்திப்பட்டு ஏரியில் செய்ததுபோல இங்கேயும் நடைபாதை, பூங்கா, விளக்கு எல்லாம் வரும் என்றார்கள். அதற்கு முதலில் ஏரியின் எல்லை தெரிய வேண்டும். பழைய எல்லைக்கற்கள் ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் மண்ணுக்குள் போய்விட்டன. ஆகவே அளக்க ஆள் வரும். அவர் போடும் கோட்டுக்கு வெளியே இருக்கிற வீட்டுக்குப் பட்டா. உள்ளே இருக்கிற வீடு காலி. அவ்வளவுதான் விஷயம். தெருவே சாமி கும்பிட்டுக்கொண்டு காத்திருந்தது.

அளக்க வந்தவர் மதுரைப் பக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கும். காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனி அனுப்பிய ஆள். நாங்கள் சங்கிலி வரும், முக்காலி வரும் என்று எதிர்பார்த்தோம். அவர் கையில் இருந்தது டிவி ரிமோட்டைவிடக் கொஞ்சம் தடிமனான ஒரு மஞ்சள் கருவி. ஜிபிஎஸ். அதைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையோடு நடக்க வேண்டியது. நடந்த வழி அப்படியே கோடாக விழும். அதுதான் ஏரியின் எல்லை. நல்ல கோடை. காலையில் ஆரம்பித்தவர் எங்கள் வீட்டெதிரில் வரும்போது சட்டை முழுக்க நனைந்து, ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றார்.

என் மனைவியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வாசலுக்கு வந்த ஆளைச் சும்மா அனுப்பியதாக அவளுக்குச் சரித்திரமே இல்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கேபிள்காரர், கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர் யாராக இருந்தாலும் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கிற சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும், ஃபேன் போடப்படும், டீயோ மோரோ ஒரு சொம்புத் தண்ணீரோ இறங்க வேண்டும். வேலை விஷயமாக வந்தவன் வயிறு காய்ந்து போனால் வீட்டுக்கு ஆகாது என்பது அவள் கட்சி. எங்கள் கிரில் கேட்டைப் பகலில் மூடி நான் பார்த்ததில்லை.

"இன்னா சார், இந்த வெயில்ல சுத்திகினு கீற? உள்ள வா. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ" என்றாள்.

"இல்லக்கா, வேல கெடக்கு."

"வேல எங்க ஓடிப்பூடப் போவுது? மயக்கம் போட்டு ஏரில உய்ந்தன்னா எவன் தூக்குவான்? வா சார்."

வந்தார். கருவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். தகரக் கூரைக்குக் கீழே, ஃபேனுக்கு நேராக உட்கார்ந்து டீ குடித்தார், முறுக்கு தின்றார், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதை முழுவதையும் சொன்னார். என் மனைவி விடவில்லை, இன்னொரு டீயும் ஊற்றினாள். போகும்போது, "எங்கம்மா மாதிரி கவனிச்சீங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கருவியை எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து நடையைத் தொடர்ந்தார். எங்களுக்கு அன்றைக்கு ரொம்பத் திருப்தி. கோடு எங்கள் கேட்டுக்கு முன்னாலேயே போனதை இரண்டு பேரும் கண்ணால் பார்த்தோம்.

சில மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தெருவில் எங்களை மட்டும். மற்ற எல்லா வீடும் கோட்டுக்கு வெளியே, எங்கள் வீடு ஒன்று மட்டும் ஏரிக்குள் என்று வந்திருந்தது. வரிசையாக இருக்கிற வீடுகளில் ஒரு வீட்டை மட்டும் ஏரி எப்படி எட்டிப் பிடித்தது என்று எனக்கு விளங்கவில்லை. என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கோடு கரையோடு ஒழுங்காக வருகிறது. எங்கள் வீட்டெதிரில் சட்டென்று திரும்பி உள்ளே போகிறது. போய், நூல்கண்டைப் பூனை இழுத்துக் கலைத்தது மாதிரி ஒரு பெரிய சிக்கல். சிக்கலின் ஒரு இழை பின்சுவரைத் தாண்டிச் சந்து வரைக்கும் போகிறது. பிறகு வெளியே வந்து, ஒன்றுமே நடக்காததுபோலக் கரையைப் பிடித்துக்கொண்டு போகிறது. நடந்தவர் எங்கெல்லாம் போனாரோ அதுவரைக்கும் ஏரி என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டுவிட்டது.

நான் முழித்துக்கொண்டிருந்தேன். என் மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது.

"அது நம்ம சேருய்யா" என்றாள், அந்தச் சிக்கலின் மேல் விரல் வைத்து. "அந்தத் தம்பி குந்திகினு இருந்த எடம்."

நான் விளக்கினேன். அளக்க வந்தவர் டீ குடிக்க உள்ளே வந்தார், கருவியை அணைக்காமல் வைத்துவிட்டார், அதுதான் சார் இது என்றேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது புரியுதுங்க. ஆனா டீ குடிக்கப் போனாருன்னு ரெக்கார்டுல நான் எப்படி எழுதுறது? கோடு உள்ள போயிருக்கு. கோடுதான் எனக்குத் தெரியும்."

"அவரையே கூப்ட்டுக் கேளு சார்."

"காண்ட்ராக்ட் முடிஞ்சு அந்தக் கம்பெனியே வேற ஜில்லாவுக்குப் போயாச்சு. மறு அளவைக்கு மனு குடுங்க. அது ஒண்ணுதான் வழி."

மனு கொடுத்தோம். பஸ்ஸில் திரும்பும்போது என் மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "ரெண்டாவது டீ நான்தான்யா ஊத்துனேன்" என்றாள். அதனால் என்ன என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் என்று அப்போது நானும் நம்பினேன்.

அடுக்குமாடியில் ஒருவர் இருந்தார். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, விடுமுறை நாட்களில் மலை ஏறப் போகிறவர். அதற்காக அதே மாதிரி மஞ்சள் கருவி ஒன்று அவரிடம் உண்டு. காலையில் ஏரிக்கரையில் நடக்கும்போதுகூட அதை எடுத்துப்போவார். ஒருமுறை கேட்டில் நின்று, "இதும்படி பார்த்தா தினமும் நான் உங்க வீட்டு அடுப்படிக்குள்ள பூந்துதாங்ணா வாறேன்" என்று காட்டிச் சிரித்திருக்கிறார். அப்போது நானும் சிரித்தேன். இப்போது அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என் செக்யூரிட்டி கேபினுக்குள் வந்து உட்கார்ந்து கருவியை மேசைமேல் வைத்தார். கேபினுக்கும் தகரக் கூரைதான். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்த சிக்னல் வந்து சேர எவ்வளவு தாமதமாகிறது என்று பார்த்துத்தான் கருவி தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது. வெட்டவெளியில் கணக்கு ஓரளவு சரியாக வரும். கூரைக்குள் போனால் சிக்னல் மெலிந்துவிடும். ஒன்று ஜன்னல் வழியாக வரும், ஒன்று சுவரில் பட்டுச் சுற்றி வரும், மற்றது வராமலே போகும். ஆனால் எனக்குத் தெரியவில்லை என்று சொல்லக் கருவிக்குத் தெரியாது. கிடைத்ததை வைத்து ஓர் இடத்தைச் சொல்லும், அடுத்த நொடியே இன்னோர் இடத்தைச் சொல்லும். ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் இந்தப் பொய்கள் எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றி விழுந்து சிக்கலாகிவிடும்.

பேசி முடித்துவிட்டுத் திரையைக் காட்டினார். "நாம ரெண்டு பேரும் எந்திரிக்கவே இல்லீங்ணா. இது ரோட்டத் தாண்டிப் போயிட்டு வந்துருச்சு பாருங்க."

பார்த்தேன். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊர் சுற்றிவிட்டு வருகிற சாமான் இது. இதன் பேச்சைக் கேட்கிற ஆபீஸில் என் பேச்சுக்கு மதிப்பில்லை. நானும் லேத் ஓட்டியவன்தான். ஒரு நூல் அளவு பிசகினால் உருப்படியைத் தூக்கிக் குப்பையில் போடுவார்கள். இங்கே வீடே பிசகிக் கிடக்கிறது.

வீட்டில் என் மனைவி மாறிக்கொண்டிருந்தாள். சிவப்பு நாற்காலியை மொட்டை வெயிலில் கூரைமேல் ஏற்றிவிட்டாள். கிரில் கேட்டுக்குப் பூட்டு வாங்கி வரச் சொன்னாள். கேஸ்காரர் சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார், அவருக்கு ஒன்றும் புரியவில்லை, என்னிடம் வந்து, "அண்ணாத்தே, அக்கா எம்மேல எதுனா கோவமா கீதா?" என்று கேட்டார். இல்லை நைனா, உடம்பு சரியில்லை என்றேன். பாதி உண்மைதான்.

மறு அளவை வருவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அடுக்குமாடியில் இரண்டாவது கோபுரம் எழுந்து முடிந்திருந்தது. இது எங்கள் வீட்டுக்கு நேர் பின்னால், சந்துக்கு அந்தப் பக்கம், ஏரியைப் பார்த்தாற்போல், கீழிருந்து மேல்வரை நீலக் கண்ணாடி. ஏரியைப் பார்க்கிற வீடுகள் என்று விளம்பரப் பலகை வைத்து விற்றார்கள். அந்தப் பலகை விழாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலையில் சேர்ந்தது.

இந்த முறை வந்தது ஒரு பெண். கல்லூரி முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு, தோளில் பை, கையில் அதே மஞ்சள் கருவி. நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே நடந்தேன். கவனமான பெண். கருவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். எங்கேயும் உட்காரவில்லை. மழை வரப்போகிற புழுக்கம், வெயிலைவிட மோசம். எங்கள் வீட்டெதிரில் வரும்போது அவள் பாட்டில் காலி. அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கிரில் பக்கம் வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

என் மனைவி கிரில்லுக்கு உள்ளே நின்றாள். பூட்டு போட்டிருந்தது. அவளுக்குப் பின்னால், வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும்படி, அன்று காலை லாரியில் பிடித்த குடங்கள் வரிசையாக நிரம்பி நின்றன.

"தண்ணி வரலமா" என்றாள்.

அந்தப் பெண் குடங்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ரெண்டு நாளா லாரியே வரலமா" என்று நானும் சேர்ந்து சொன்னேன். அவள் துப்பட்டாவை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்துக்குத் திரும்பி மேலே நடந்தாள். தெருமுனைக் கடை அன்றைக்கு மூடியிருந்தது. அவள் ஏரியின் அந்தக் கோடிவரை அப்படியே போனதை நானும் என் மனைவியும் பார்த்துக்கொண்டு நின்றோம். என் மனைவி கிரில் கம்பியை விடவே இல்லை. "இந்த தபா கோடு நேரா போயிருக்கும் இல்ல?" என்று மட்டும் கேட்டாள். நேராகத்தான் போச்சு, வீடு வரைக்கும் நான் கூடவே வந்தேனே என்றேன்.

புதிய வரைபடம் வந்தது. சிக்கல் இல்லை. கோடு சுத்தமாக இருந்தது. கரையோடு வந்து, எங்கள் வரிசைக்கு அருகில் வந்ததும் மெல்ல உள்பக்கமாகச் சாய்ந்து, வீடுகளுக்குப் பின்னால் சந்து வழியாகப் போய், கண்ணாடிக் கோபுரத்தின் மதிலைத் தொடாமல் திரும்பிக் கரைக்கு வந்துவிட்டது. எங்கள் வீடும், இடப்பக்கம் ஒரு வீடும், வலப்பக்கம் ஒரு வீடும் ஏரிக்குள். முதல் அளவையில் வெளியே இருந்து, பட்டா கைக்கு வரும் என்று காத்திருந்த வீடுகள் பக்கத்து வீடுகள் இரண்டும். நாங்கள் மனு போட்டு வரவழைத்த அளவையில் அவர்களும் முழுகினார்கள். அந்த இரண்டு வீட்டாரும் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் பேச மாட்டேன்.

மூன்றாவது முறை அளக்க விதி இல்லை என்று அதிகாரி சொன்னார். இந்த முறை யாரும் டீ குடிக்கவில்லையே என்று அவரே கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

பதில் கோயம்புத்தூர்க்காரரிடம் இருந்தது. வரைபடத்தைப் போனில் காட்டியதும் அவர் தலையைத் தூக்கிக் கண்ணாடிக் கோபுரத்தைப் பார்த்தார். ஏரிப் பக்க வானத்திலிருந்து வருகிற சிக்னல் நேராக வந்தால் தப்பில்லை. அது கண்ணாடியில் மோதித் திரும்பி வந்தால் அந்தச் சுற்றுக்கும் சேர்த்து நேரமாகிறது. கருவிக்கு அது தெரியாது. செயற்கைக்கோள் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது போலும் என்று நினைத்துத் தன்னை ஏரியிலிருந்து இன்னும் தள்ளி, கட்டடத்துப் பக்கமாக வைத்துக்கொள்ளும். நடந்தவர் என்னதான் கரையிலேயே நடந்தாலும் கோடு எங்கள் அடுப்படி வழியாகத்தான் போகும். முதல் கோபுரம் மட்டும் இருந்தபோது தன் காலை நடையில் இது கொஞ்சமாகத் தெரிந்தது, இரண்டாவது வந்தபிறகு முழுதாகத் தெரிகிறது என்றார்.

"இதை எழுதிக் குடுங்க சார். கையெழுத்துப் போட்டு" என்றேன். தருகிறேன் என்றார். நாலைந்து நாள் கழித்துக் காரிலிருந்து இறங்காமலே கண்ணாடியை இறக்கினார். "அசோசியேஷன்ல வேண்டாங்கறாங்கண்ணா. கோட்டக் கிளறுனா நம்ம மதிலும் வந்துருமோன்னு பயப்படறாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க." அவர் முகம் சின்னதாகிவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, மன்னிக்கவும் மனசு வரவில்லை. தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிட்டேன், கார் உள்ளே போனது. அது என் வேலை.

காலி செய்யச் சொல்லி நாள் குறித்துவிட்டார்கள். மாற்று வீடு என்று, இங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற இடத்தில், நாலாவது மாடியில் ஓர் அறை. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த என் மனைவி பாத்திரங்களை எடுத்துச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டாள்.

அவளுக்குச் சொல்ல என்னிடம் நல்ல சேதி என்று ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். எல்லாமே போகும்போது அந்தப் பழியாவது அவள் மேலிருந்து இறங்கட்டும் என்று நினைத்தேன். சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சிக்னல், கண்ணாடி, தாமதம் எல்லாவற்றையும் என் பாஷையில் சொன்னேன்.

"உன் டீயால இல்லமே. நீ குடுத்தாலும் ஒண்ணுதான், குடுக்காங்காட்டியும் ஒண்ணுதான். அந்த பில்டிங்கு கீற வரிக்கும் கோடு நம்ம ஊட்டுக்குள்ளதான் வரும். உன்மேல ஒரு தப்பும் இல்ல."

கையிலிருந்த சொம்பைச் சாக்குக்குள் போடாமல் மடியில் வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பூட்டியிருந்த கிரில்லைப் பார்த்தாள்.

"அப்ப அந்தப் பொண்ணுக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுத்துருக்கலாமேய்யா" என்றாள்.